அடிக்காமல் விட்ட பெயர்

விடியுமுன் பக்கெட்டில் கை வைத்தால் பெயிண்ட் ஐஸ் மாதிரி இருக்கும். பிப்ரவரி மாதம். கடல்காற்று தீவைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போனது. மீராசா தண்ணீர் விட்டுக் குச்சியால் கலக்கினார். சாம்பலும் மஞ்சளும் சேர்ந்த ஒரு நிறம். மண் நிறம் என்று கம்பெனிக்காரன் பெயர் வைத்திருந்தான். எந்த மண்ணிலும் அவர் அப்படியொரு நிறத்தைப் பார்த்ததில்லை.

நீளக் கம்பில் மாட்டிய ரோலரைத் தோய்த்து, ட்ரேயில் உருட்டிப் பிழிந்து, தலைக்கு மேல் தூக்கினார். முதல் இழுப்பிலேயே சுவர் பெயிண்டைக் குடித்துவிட்டது. உப்புக்காற்றில் ஊறிய சிமெண்டுச் சுவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. அதைவிடப் பெரிய தொல்லை சுவரில் கறுப்பு ஸ்ப்ரேயால் எழுதியிருந்த எழுத்து. ஒரு கோட் அடித்தால் எழுத்து மங்கி உள்ளே போய்விடும். காய்ந்ததும் மெல்ல மேலே வந்து நிற்கும். இரண்டாவது கோட்டில்தான் அடங்கும். அடுத்த நாள் விடியலில் வந்து பார்த்தால் அதே இடத்தில் புதிதாக முளைத்திருக்கும்.

தீவில் ஜனங்கள் மன்னருக்கு எதிராகக் கிளம்பி அதிக நாளாகவில்லை. நகரத்து ரவுண்டபௌட்டில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்களைப் படை விரட்டி அடித்தது. சிலர் வீடு திரும்பவில்லை. அதன்பிறகு பேச்செல்லாம் சுவருக்கு வந்துவிட்டது. கிராமத்து ஆட்கள் எழுதினார்கள். வில்லாக்களுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்த கலீல் ரஹ்மான் ஹாஜியாரின் கம்பெனிக்கு அவற்றை அழிக்கும் கான்ட்ராக்ட் கிடைத்தது. பின்னால் ஒரு போலீஸ் ஜீப் நிற்க, முன்னால் கூலிக்காரர்கள் அடித்துக்கொண்டே போனார்கள்.

மீராசாவுக்கு இந்த வேலையில் ஓர் உறுத்தல் இருந்தது. தொண்டியில் சிறு வயதில் ஓதப்பள்ளிக்குப் போனவர் அவர். அரபு எழுத்தைக் கூட்டி வாசித்துவிடுவார், அர்த்தம் தெரியாது. தெரியாததாலோ என்னவோ, அந்த எழுத்து எங்கே கிடந்தாலும் அவருக்கு மரியாதைக்குரியதாகவே இருந்தது. ரூமில் எல்லாரும் அரபு பேப்பரைத் தரையில் விரித்துச் சோறு வைத்தால் அவர் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுவார். தெருவில் துண்டுக் காகிதம் கிடந்தால் எடுத்துச் சுவரிடுக்கில் செருகுவார்.

அவர்கள் அடித்துக்கொண்டிருந்த இந்தக் கிராமத்துச் சுவரை ஒட்டி ஒரு குபூஸ் கடை உண்டு. பக்கத்தில் வில்லா வேலை நடந்த காலத்தில் தினமும் அங்கேதான் ரொட்டி வாங்குவார்கள். தந்தூர் அடுப்புக்குள் தோள் வரை கை நுழைத்து மாவை அறைகிற கடைக்காரர், ஒருநாள் மீராசா ரொட்டி சுற்றிய பேப்பரைப் பிரித்து, மடித்து, மேலே செருகியதைப் பார்த்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளிலிருந்து மீராசாவுக்கு மட்டும் ரொட்டி எழுத்தில்லாத பழுப்புத் தாளில் வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, இவரும் எதுவும் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. குபூஸ்காரர்தான். கலவரம் தொடங்கியதிலிருந்து கடையின் ஷட்டர் மூடிக் கிடந்தது. பயந்து மூடியிருப்பார் என்று மீராசா நினைத்துக்கொண்டார்.

அன்று சுவரின் நடுவில் ஒரு சொல் தனியாக இருந்தது. மற்றதெல்லாம் ஓடுகிற அவசரத்தில் கிறுக்கியது. இது நின்று எழுதியது. மீராசாவின் உதடுகள் தாமாக எழுத்துக் கூட்டின. ஐன். பே. தால். பிறகு அலிஃப், லாம், லாம், ஹே.

அப்துல்லாஹ்.

யாரோ ஒருவருடைய பெயர். ஆனால் அதற்குள் படைத்தவனின் பெயர் இருக்கிறது. ரோலர் தலைக்கு மேல் அப்படியே நின்றது. பெயிண்ட் கம்பு வழியாக இறங்கி முழங்கையைத் தொட்டது.

"என்ன பாய், கை மரத்துப் போச்சா?" என்றான் அருள்முருகன். விளாத்திகுளத்துக்காரன். ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டும் வாய் ஓயாதவன்.

"இதுல அல்லாஹ் பேரு இருக்குடா."

"போன வாரம் டயர் விளம்பரத்தையும் இப்படித்தான் எடுத்துக் கண்ணுல ஒத்துனீரு."

"டயர் இல்லடா இது."

அருள்முருகன் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திக்கொண்டான். "அப்ப விடும். சுத்தி அடிப்போம். ஜீப்புல இருக்கவன் தூங்குதான்."

மீராசா ஒரு கையகலம் இடம் விட்டுச் சுற்றி அடித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். கை பழகிய கை. ஓரம் பிசிறாக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சின்ன பிரஷ்ஷை எடுத்து, ஜன்னல் சட்டத்துக்கு ஓரம் கட்டுவதுபோல நாலு பக்கமும் நேர்கோடு இழுத்தார். வேன் புறப்பட்டபோது திரும்பிப் பார்த்தார். காலியான சுவரின் நடுவில் அந்தப் பெயர் மட்டும், யாரோ சட்டம் போட்டு மாட்டியதுபோல் இருந்தது.

மறுநாள் விடியலில் வேன் தெருவுக்குள் திரும்பியதும் ஓட்டிவந்த ஈசா பிரேக்கை மிதித்தான். காத்தான்குடிக்காரன், மீராசாவை அண்ணன் முறையில் காக்கா என்பான். அரபு பேசத் தெரிந்தவன் என்பதால் டிரைவரும் அவன்தான், மொழிபெயர்ப்பும் அவன்தான்.

சுவர் முழுக்க மறுபடி எழுத்து. ஆனால் மீராசா கட்டிய சட்டத்துக்குள் ஒரு கோடுகூட விழவில்லை. அந்தப் பெயருக்குக் கீழே தரையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வட்ட வட்டமாய் ரொட்டி. ஆவி இன்னும் அடங்கவில்லை. கதவோரங்களில் கறுப்பு அபாயா போர்த்திய பெண்கள், கைகட்டிய ஆண்கள். பெயிண்டர்களைப் பார்த்து ஒரு கிழவர் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார்.

"என்ன பாய், நமக்கு சலாம் போடுதாங்க?" என்று அருள்முருகன் முணுமுணுத்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி இன்று தூங்கவில்லை. சுவரைப் பார்த்தார். பெயரைச் சுற்றியிருந்த நேர்கோட்டை விரலால் தடவினார்.

"யார் வேலை இதுன்னு கேக்கிறார்," என்றான் ஈசா.

யாரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி, பக்கத்தில் நின்ற அருள்முருகனின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் தள்ளினார். யல்லா, சீக்கிரம் அழி என்றார். அருள்முருகன் ரோலரோடு நின்று மீராசாவைத் திரும்பிப் பார்த்தான். ஒரு மொட்டைமாடியிலிருந்து பெண்குரல் ஒன்று கத்தியது. இன்னொரு மாடி அதை வாங்கிக்கொண்டது. பிறகு ஜீப் பக்கமிருந்து டொப்பென்று ஒரு சத்தம்.

கண்ணீர்ப்புகை டப்பா மாடிக்குப் போகவில்லை. தாழ்வாக வந்தது. அருள்முருகன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததை மீராசா பார்த்தார். விரலிடுக்கில் சிவப்பு. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. தொண்டையில் மிளகாய்ப் புகை இறங்கியதுபோல் எரிந்தது. கறுப்பு அபாயாவுக்குள்ளிருந்து ஒரு கை அவர் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தது. ஒரு கதவு திறந்து மூடியது.

உள்ளே மாவு வாசனை. ஈசாவும் அவருமாக அருள்முருகனைப் பாயில் கிடத்தினார்கள். வீட்டுக்காரப் பெண் முகத்தைக் கழுவிவிட்டாள். இடது கண் இருந்த இடம் ஊதி மூடியிருந்தது. துணி வைத்துக் கட்டிவிட்டு அவள் ஈசாவிடம் ஏதோ கேட்டாள். ஈசா மீராசாவைக் கைகாட்டினான். அவள் எழுந்து மீராசாவின் எதிரே வந்து நின்றாள். தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னாள்:

"அப்துல்லாஹ், மேரா பாய்."

என் அண்ணன் என்றது அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ. வலது கையை மாவு பரப்பியதுபோல் விரித்து, தோள் வரை உள்ளே நுழைத்து, இல்லாத அடுப்பின் சுவரில் அறைந்து காட்டினாள். ரவுண்டபௌட்டுக்கு ரொட்டி கொண்டுபோனவர் பிணமாகத்தான் திரும்பி வந்தார் என்று ஈசா மெல்லச் சொன்னான்.

"நீங்க அவரத் தெரிஞ்சு வச்சிருந்தீங்களாம் காக்கா. அதான் பேர விட்டீங்களாம். இந்தக் கிராமம் மறக்காதாம்."

தெரியாமல் விட்டேன், அது வேறு காரணம் என்று சொல்ல மீராசாவுக்கு வாய் எழவில்லை. அவள் கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. அவள் அண்ணனின் அடுப்பில் இன்று ரொட்டி சுட்டது அவளாகத்தான் இருக்க வேண்டும். "பழுப்புத் தாள்ல தருவாரு," என்றார் தமிழில். அவளுக்குப் புரிந்திருக்காது. தலையசைத்தாள்.

பிற்பகலில் கலீல் ரஹ்மான் ஹாஜியார் கூலிக்காரர்கள் தங்கும் கேம்புக்கு வந்தார். வெள்ளைத் தோப் அங்கி, அத்தர் வாசனை. அருள்முருகன் கிடந்த கட்டிலைத் தாண்டி வந்து, ஆட்கள் கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு?" என்றார் மீராசா.

"ஆஸ்பத்திரி வாசல்ல பட்டாளம் நிக்குது. இந்தக் காயத்தோட போனா, எங்க வாங்குனேன்னு கேப்பான். உள்ள போனவன் வெளிய வரமாட்டான். நான் என்ன செய்ய?" தாடியை நீவினார். "தம்பி மீராசா. நீ நம்ம பக்கத்து ஆளு. உனக்கு ஒரு கெடுதல் வர நான் விடுவேனா? அதிகாரிகிட்ட பேசிட்டேன். அல்லாஹ் பேரு இருந்துச்சு, மார்க்கப் பயத்துல விட்டுட்டான், மத்தபடி ஒண்ணும் தெரியாத பயலுன்னு சொன்னேன். அவரே சிரிச்சுட்டாரு. நாளைக்கு அவர் முன்னாடி நீயே உங்கையால அத அழிச்சிரு. போன்ல படம் எடுத்துக்குவாரு. கலாஸ், அத்தோட முடிஞ்சுது."

மீராசா அருள்முருகனின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம்னு நெனக்கிறியா? பள்ளிவாசல் ஆலிம்சாகிட்டயே கேட்டுட்டேன். தெருவுல தூசியும் நாயும் படாம மரியாதைக்கு அழிக்கிறோம்னு மனசுல நிய்யத்து வச்சுக்க. நன்மைதான்."

"அந்த நிய்யத்து எனக்கு வராது ஹாஜியார்."

"ஏன்டா? மார்க்கப் பயத்துல விட்டேங்கிறது உண்மைதானே? உண்மையச் சொல்ல வலிக்குதா?"

"நேத்து வரைக்கும் உண்மை."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு அந்த ஆளு யாருன்னு தெரியும்."

ஹாஜியாரின் முகத்திலிருந்து ஊர்ப்பாசம் வடிந்தது. "தெரிஞ்சு? நீ என்ன இந்த நாட்டுப் பிரஜையா? கடல் பாலத்துக்கு அந்தப் பக்கத்து நாட்டு அல் கோபார்லேருந்து பட்டாளம் வரப்போவுதுங்கிறாங்க. நாலு நாள்ல எல்லாம் அடங்கிரும். அப்ப உன் பேரு எங்க இருக்கும்? கைரேகை எடுத்து விமானம் ஏத்தி விட்டா, துபாயில்ல, குவைத்தில்ல, எந்தப் பக்கமும் கால் வைக்க முடியாது. வீட்ல ஜுபைதாவுக்கு என்ன பதில் சொல்லுவே? மக காலேஜுக்குப் போறாள்ல?"

அந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நஜீஹா ராமநாதபுரத்துக்குக் கல்லூரி போய்வருவது இந்த ரோலரின் மேல்தான். மீராசா தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் எந்த மண்ணிலும் இல்லாத அந்த நிறம் ஏறிப்போயிருந்தது.

"ரோலர் புடிக்க நீ ஒருத்தன்தானா? சிராஜுல், தும்?" என்று ஹாஜியார் மூலையில் நின்ற பங்களாதேஷ்காரனிடம், நீ அடிப்பாயா என்பதுபோல், இந்தியில் கேட்டார். சிராஜுல் செருப்பைப் பார்த்தான். "சரி. நாளைக்குச் சுவர் சுத்தமாகணும். இல்ல, இந்த வேன்ல போற அத்தனை பேரும் விமானத்துல போவீங்க. இவன் ஒருத்தனுக்காக உங்க பிள்ளகுட்டி பட்டினியாப் போட்டும்."

கார் போன சத்தம் அடங்கியது. அடுப்படியில் பருப்பு தீய்ந்த வாடை வந்தது. எழுந்துபோய் அணைக்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஈசாதான் முதலில் வாயைத் திறந்தான். "காக்கா, கோவிக்காதீங்க. இது நமக்கென்னத்துக்கு? அவங்கட ராசா, அவங்கட சனம். நாம ஒழைக்க வந்தாக்கள். யுத்தத்தில நான் கண்டதெல்லாம் போதும். எங்கட வீட்டில நாலு பேர் என்னப் பாத்துக் கிடக்காங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏ ஈசா, எம்மூஞ்சில பட்டது யாரு ராசாவோட டப்பாவே?" அருள்முருகன் முழங்கையை ஊன்றி எழுந்தான். "அந்த ஹாஜியாரு எங்கட்டிலத் தாண்டித்தானே போனாரு. வலிக்குதாலேன்னு ஒரு வார்த்த? அந்தப் பொம்பள எம்மூஞ்சியத் தொட்டு ரத்தத்தக் கழுவுனா. சொந்த அண்ணனப் புதைச்ச கையி."

"படுடா," என்றார் மீராசா.

"படுத்துத்தானே கெடக்கேன். பாய், எனக்காக அத அழிக்கணும்னு மட்டும் நெனச்சிராதீரும். அப்புறம் இந்த ஒத்தக் கண்ணால உம்மப் பாக்க முடியாது."

சிராஜுல் மூலையிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்தான். அவன் இந்தியில் பேசியது எல்லாருக்கும் புரிந்தது. கடனுக்கும் அந்த ஆள் ரொட்டி கொடுத்தான், முகம் சுளித்ததில்லை. மீராசா அழிக்கவில்லையென்றால் நாளை என் கையில் ரோலரைக் கொடுப்பார்கள். நான் அழிக்கவில்லையென்றால் நம்மோடு இருக்கிற நேபாளிகள் இரண்டு பேரிடம். எல்லாருமே வாங்காவிட்டால் யாரிடம் கொடுப்பார்கள்?

கேள்வி நடுவில் கிடந்தது. நேபாளி ஒருவன் எழுந்துபோய் அடுப்பை அணைத்தான்.

"ராசாவ எறக்குறது நம்ம வேலை இல்ல," என்றார் மீராசா கடைசியில். சொல் சொல்லாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். "அது அவங்க வேலை. செய்றாங்க. அவங்க எழுதுனத அழிக்கிறது நம்ம வேலைன்னு யாரு சொன்னா? சுவரு அழுக்கா இருந்தா அடிப்போம். வீடு கட்டுனா அடிப்போம். செத்தவன் பேர அழிக்க நாம கப்பல் ஏறி வரல."

ஈசா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பயந்து போகிறான் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வேன் வாசலுக்கு வந்து நின்றது. "அருள ஏத்துங்க," என்றான். "அந்தக் கிராமத்தில ஒரு நர்ஸ் வீட்டுக்குள்ள வச்சு மருந்து கட்டுறாவாம். டீசல் போடப் போறன்னு கேட்ல சொல்லியிருக்கன்." போய் வந்தபோது அருள்முருகனின் கட்டு வெள்ளையாக, ஒழுங்காக இருந்தது. வீக்கம் வற்றினால்தான் கண்ணைப் பற்றிச் சொல்ல முடியும் என்று அந்த நர்ஸ் சொன்னாளாம். நாளைக்கு என்ன செய்வாய் என்று ஈசாவை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காற்று ஓய்ந்திருந்தது. தெருவில் கதவுகள் எல்லாம் மூடிக் கிடந்தன. இரண்டு ஜீப்கள். அவற்றுக்குப் பின்னால் ஹாஜியாரின் கார். துணியையும் ரொட்டிகளையும் யாரோ பூட்ஸால் ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். மீராசா குனிந்து ஒரு ரொட்டியை எடுத்து, மண்ணை ஊதி, மதில் மேல் வைத்தார். அதிகாரி போனைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டைக் கலக்கினார்கள். ரோலர்களைத் தோய்த்தார்கள். மீராசா கம்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெயருக்கு எதிரே போய் நின்றார்.

"ம்," என்றார் ஹாஜியார். "பிஸ்மி சொல்லி அடி."

தான் கட்டிய ஓரத்தை மீராசா பார்த்தார். கீழ்மூலையில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. அன்று இருட்டில் கவனிக்கவில்லை. ஷட்டர் மூடிய கடையிலிருந்து பழைய சாம்பல் வாசனை வந்தது. அந்த மனிதர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. இந்தப் பெயரை அன்று விட்டதுபோலவே இன்றும் விட முடியாது என்று அவருக்குப் பட்டது. முதல் முறை விட்டது கை. இப்போது விட வேண்டியது அவர்.

கம்பை இறக்கினார். வேனின் பின்பக்கம் நடந்துபோய்த் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்தார். ரோலரை உருவி உள்ளே அமுக்கிக் கழுவத் தொடங்கினார்.

அன்றைய வேலை முழுதும் முடிந்தால்தான் பெயிண்டர் ரோலரைக் கழுவுவான். இடையில் கழுவுவதில்லை. அது ஹாஜியாருக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் ரோலர் பிடித்தவர்தான்.

"என்னடா பண்றே?"

"வேலை முடிஞ்சிருச்சு ஹாஜியார்."

"எந்த வேலைடா முடிஞ்சுது? ஒரு கோடுகூட இழுக்கல!"

மீராசா நிமிரவில்லை. பக்கத்தில் இன்னொரு ரோலர் தண்ணீருக்குள் இறங்கியது. சிராஜுல். பிறகு நேபாளிகள் இரண்டு பேரும். டிரம்மைச் சுற்றி இடம் போதவில்லை, முழங்கைகள் இடித்துக்கொண்டன. பிழிந்த சாம்பல் தண்ணீர் வேனுக்கு அடியில் பெருகி, தெரு நடுவில் கோடாக ஓடி, ஹாஜியாரின் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் காலைத் தூக்கி வைத்தார்.

அதிகாரி போனை இறக்கிவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார். மெயின்ரோட்டுப் பக்கம் வண்டி விளக்குகள் திரும்புவது தெரிந்தது.

"ஈசா! வண்டிய எடு. இவனுகளக் கொண்டுபோயி..." என்று ஹாஜியார் கத்தினார்.

ஈசா டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினான். இன்ஜின் நின்றுபோயிருந்தது. சாவியை டேஷ்போர்டிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கம் வந்தான். அவனிடம் ரோலர் கிடையாது. வேனுக்குள் துழாவி, முந்தின நாள் புகைக்குள் அருள்முருகன் கை நழுவிவிட்டு, யாரோ பொறுக்கிப் போட்டிருந்த ரோலரை எடுத்தான். யாரும் கழுவாமல் விட்டதால் பெயிண்ட் காய்ந்து கட்டையாகியிருந்தது. சிராஜுல் நகர்ந்து இடம் கொடுத்தான்.

எதிர்வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்தது. பிறகு அதற்கடுத்த கதவு. பூட்ஸ் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. யாரும் திரும்பவில்லை.

ஈசா அந்த ரோலரைத் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தான். கட்டை கட்டையாகவே இருந்தது. விடாமல் பிசைந்தான். மீராசாவும் ஒரு கையைக் கொடுத்தார். நார் மெல்ல இளக ஆரம்பித்தது.